மீனின் எடையும் மனிதனின் சாட்சியமும்

ஆற்றங்கரையில் பேசப்படும் மீன், ஆற்றில் நீந்தும் மீனைவிட எப்போதும் சற்றுப் பெரியதாகவே இருக்கும். இது எல்லா நாட்டாருக்கும் பொதுவான இயல்பு. ஆனால் அந்தப் பேச்சு சரித்திரத்தில் இடம்பெற வேண்டுமானால் அதற்கு ஒரு தராசு வேண்டும். தராசைப் பார்த்த கண்கள் வேண்டும். அக்கண்கள் கண்டதை எழுதிவைத்த தாள் ஒன்றும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வழக்குத் தொடங்கிவிடுகிறது. அத்தகைய சில வழக்குகளின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நெய்வேலி நகரியத்தில் வாழும் ஒருவன் மீனைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் எண்ணலாம். எடை என்னும் சொல்லில் அடங்கிய சிக்கலை நாள்தோறும் காண்பவர்கள் நாங்கள் என்பதே என் விடை. இங்கு வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி நீர். சுரங்கத்திலிருந்து வந்தவுடன் அதற்கு ஓர் எடை. வெயிலில் சில நாள் கிடந்தபின் வேறோர் எடை. "இது எத்தனை டன்?" என்று கேட்பவனிடம், "எப்போது நிறுத்தது?" என்று திருப்பிக் கேட்பதே இவ்வூரில் அறிவுடைமை. இவ்வூரின் தோற்றமும் ஒரு சாட்சியத்தின் கதைதான். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அவர் கண்டது உண்மை. ஆயினும் கண்ட மாத்திரத்தில் சுரங்கம் எழுந்துவிடவில்லை. பூமியைத் துளையிட்டு, ஆழத்தையும் பரப்பையும் அளந்து, மாதிரிகளைச் சோதித்த பின்னரே 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. கண்டவர் ஒருவராக இருக்கலாம். ஏற்பதற்கோ பலர் வேண்டும். மீன் வழக்குகளிலும் இதுவே விதி.

அவ்வழக்குகளுள் பெரும்புகழ் பெற்றது அமெரிக்காவில் எழுந்தது. அந்நாட்டு நன்னீரில் 'பாஸ்' என்று ஒரு மீன் குடும்பம் உண்டு. அதில் அகன்ற வாயுடைய இனத்தைப் பெருவாய் பாஸ் என்று நாம் அழைக்கலாம். தூண்டிலில் சிக்கினால் வலுவாகப் போராடும் மீன் அது; அதனால் தூண்டிலாளர்களுக்கு அதன்மேல் அளவிறந்த மோகம். 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்து மாண்ட்காமரி ஏரியில், ஜார்ஜ் பெர்ரி என்னும் இளம் விவசாயி இவ்வகை மீன் ஒன்றைப் பிடித்தார். ஹெலினா என்னும் சிற்றூரின் அஞ்சல் நிலையத் தராசில் அதை நிறுத்தபோது 22 இராத்தல் 4 அவுன்ஸ் இருந்தது. பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிய காலம் அது. பெர்ரி மீனை வீட்டுக்குக் கொண்டுபோனார். குடும்பத்தார் அதைச் சமைத்து உண்டனர். பின்னர் அளவுகளை எழுதி 'ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்னும் பத்திரிகையின் போட்டிக்கு விண்ணப்பித்தார். 75 டாலர் பெறுமான பொருள்கள் பரிசாகக் கிடைத்தன. உலகப் பதிவு என்னும் பெரும்பெயர் அதன்பின் வந்து ஒட்டிக்கொண்டது.

மீன் வயிற்றுக்குள் போய்விட்டது. தாள் மட்டும் எஞ்சியது. ஐயம் எழாமல் இருக்குமா? விண்ணப்பத்தில் நீளம் 32½ அங்குலம் என்றும், சுற்றளவு 28½ அங்குலம் என்றும் கண்டிருந்தது. தூண்டிலாளர்களிடையே ஒரு தோராயக் கணக்கு உண்டு: சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதனை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் எடை இராத்தலில் வரும் என்பர். பெர்ரியின் அளவுகளை அதில் இட்டால் 33 இராத்தல் வருகிறது. தராசோ 22¼ இராத்தல் என்றது. அப்படியானால் நாடா பொய்த்ததா, தராசு பொய்த்ததா? தோராயக் கணக்கு எல்லா மீனுக்கும் பொருந்தாது என்பார் ஒரு சாரார். அளவே தவறு என்பார் மற்றொரு சாரார். பெர்ரி 1974-இல் விமான விபத்தொன்றில் இறந்தார். அவ்வழக்கில் புதிய சாட்சியம் தரவல்லவர் மறைந்துவிட்டார். ஒன்று மட்டும் அவர் பக்கம் நிற்கிறது. அஞ்சல் நிலையத் தராசு, மீனைப் புகழ்வதற்காக வைத்த தராசன்று. பொதிகளுக்குக் கட்டணம் விதிக்க வைத்தது. விருப்பு வெறுப்பற்ற அத்தகைய கருவியைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது.

பிற்காலத்தார் இதைவிடப் பெரிய மீன்களைக் கண்டதுண்டு. 1997-இல் கலிபோர்னியாவின் ஸ்பிரிங் ஏரியில் பால் டுக்ளோ என்பவர் பிடித்த மீன், குளியலறையில் உடல் எடை பார்க்கும் கருவியில் 24 இராத்தல் காட்டியது. அவர் அதைப் புகைப்படம் எடுத்துவிட்டு நீரில் விட்டார். மீன் பிழைத்தது, பதிவு பிழைக்கவில்லை. 2006-இல் அதே மாநிலத்து டிக்ஸன் ஏரியில் மேக் வீக்லி என்பவர் பிடித்தது 25 இராத்தல் 1 அவுன்ஸ் காட்டிற்று. ஆனால் தூண்டில் முள் வாயில் மாட்டாமல் உடலின் புறத்தே மாட்டியிருந்தது. மீன் தானாக இரையைக் கவ்வினால்தான் அது தூண்டிலாளனின் வெற்றி என்பது அக்கலையின் தருமம். வீக்லி அம்மீனை விட்டுவிட்டார், பதிவுக்கும் விண்ணப்பிக்கவில்லை. சட்டம் தடுக்குமுன்னே மனச்சான்று தடுத்த இச்செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2009 ஜூலை 2-ஆம் நாள் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரித்தா என்பவர் பிடித்த பெருவாய் பாஸ் 10.12 கிலோகிராம் இருந்தது. பெர்ரியின் மீனைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகவே அதிகம். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் அவர் மீன்பிடித்த இடம் அனுமதிக்கப்பட்டதுதானா என்பதுவரை விசாரித்தது. பொய்யறியும் கருவியின்முன் அவரை அமர்த்திக் கேள்வி கேட்டது. அவர் தேறினார். ஆயினும் 25 இராத்தலுக்கு உட்பட்ட மீன் முந்தைய பதிவை 2 அவுன்ஸாவது மிஞ்ச வேண்டும் என்பது விதி. ஆகவே 2010 ஜனவரியில் இருவரும் சமமென்று தீர்ப்பாயிற்று. 77 ஆண்டு இடைவெளி; ஒருவருக்கு ஒரு தாள், மற்றவருக்கு எல்லாச் சோதனையும்; இருவருக்கும் ஒரே ஆசனம். இதைக் குறை கூறுவோர் உண்டு. நான் குறை கூறேன். ஒவ்வொரு காலத்தின் சாட்சியத்தையும் அந்தக் காலத்தின் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நெய்வேலிக்குத் தெற்கே உள்ள வீராணம் ஏரிக்குக் கீழணையிலிருந்து வருவது காவிரி நீர். அந்நீரின் தலைப்பக்கத்தில், மலையும் பாறையும் சூழ்ந்த மடுக்களில், மாசீர் என்னும் பெருங்கெண்டை வாழ்ந்துவருகிறது. பழைய மீன் நூல்களில் அதன் தமிழ்ப் பெயராகப் 'பூமீன் கெண்டை' என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. சென்னை மாகாணத்து அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873-இல் எழுதிய 'இந்தியாவில் தூண்டில்' என்னும் ஆங்கில நூல் இம்மீனின் புகழைக் கடல் கடந்து பரப்பியது. 1919-இல் கர்னல் ரிவெட்-கார்னக் காவிரியில் 119 இராத்தல் எடையுள்ள ஒன்றைப் பிடித்தார். 1946 மார்ச்சில் காவிரியின் கிளையாறான கபினியில் டி வெட் வான் இங்கன் பிடித்தது 120 இராத்தல். மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப்புகழ் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். விலங்கின் உடலை அங்குலம் பிசகாமல் அளப்பதே அவர்களது தொழில். ஆகவே அவருடைய அளவை நம்பாமல் தள்ளுவது எளிதன்று.

ஆயினும் சர்வதேசச் சங்கத்தின் பட்டியலில் மாசீருக்கு உரிய பேரெடையாக ஏறியது 95 இராத்தல்தான். 1984 மார்ச் 26-இல் ராபர்ட் ஹோவிட் காவிரியில் பிடித்த மீனுக்கு உரியது அது. 25 இராத்தல் கூடுதலான கபினி மீன் புத்தகங்களிலும் தூண்டிலாளர் பேச்சிலும் மட்டும் வாழ்கிறது. இந்த வேற்றுமையை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அச்சங்கம் 1939-இல் தோன்றியது. நன்னீர் மீன்களின் பதிவை 1978-இல்தான் ஏற்றது. அதுவரை அப்பதிவேட்டை வைத்திருந்தது, பெர்ரியின் விண்ணப்பத்தை வாங்கிய அதே பத்திரிகை. சமைத்து உண்ணப்பட்ட ஜார்ஜியா மீன் உரிய தாளில் ஏறியதால் பட்டியலுக்குள் வந்தது. அளவறிந்தவர் பிடித்த கபினி மீன் வெளியே நின்றது. உண்மை வேறு, பதிவு வேறு. பதிவுக்கு வழியறிந்தவன் முன்னே செல்கிறான். இவ்விரு துரைமாரும் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே காவிரியில் ஓடம் விட்டவர்களும் வலை வீசியவர்களும் எத்தகைய மீன்களைக் கண்டிருப்பர்! அவர்கள் கண்டதை ஒருவரும் கேட்டு எழுதவில்லை.

இதுவரை சொன்னது மனிதரின் பெருமையைப் பற்றிய வழக்கு. மீனைப் பற்றிய வழக்கு இனிமேல்தான். முதுகில் திமில் போன்ற மேடு கொண்ட காவிரி மாசீர், ஒன்றரை நூற்றாண்டாகப் புகழ்பெற்றிருந்தும், அறிவியலில் உறுதியான பெயர் இல்லாமலே இருந்தது. எடை எழுதினார்கள்; மீனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்; இனத்தைத் துணிவதற்கு வேண்டிய மாதிரியைப் போற்றி வைக்க யாரும் நினைக்கவில்லை. 2007-இல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு 'டோர் ரெமாதேவியே' என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார்கள். அதுவும் காவிரியோடு சேரும் நீர்தான். பின்னர் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்புநோக்கி, புகழ்பெற்ற திமில் மாசீரும் அதுவும் ஒன்றே என்று ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் நிறுவினர். அதே ஆண்டில் அம்மீன் மிகவும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயர் தெரிந்த ஆண்டிலேயே, அது நம்மை விட்டுப் போகும் நிலையில் இருக்கிறதென்றும் தெரியவந்தது.

அந்த ஆபத்தை வெளிப்படுத்தியது எது? 120 இராத்தல் என்னும் பெரும்பதிவு அன்று. காவிரிக்கரையில் காலிபோர் என்னுமிடத்தில் தூண்டிலாளர் முகாம் ஒன்று இருந்தது. பிடித்த ஒவ்வொரு மீனையும் நீரில் விடுமுன் அதன் வகையையும் எடையையும் அங்கே குறித்துவைத்தார்கள். 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை ஆராய்ந்தபோது, திமில் மாசீர் ஆண்டுக்கு ஆண்டு அருகிவருவதும், வேறொரு மாசீர் பெருகிவருவதும் தெளிவாயின. அந்த வேறு மாசீர் நீலத்துடுப்பு மாசீர். லோனாவாலா பண்ணையில் வளர்த்துக் காவிரியில் விடப்பட்ட மீன். நல்லெண்ணத்தோடு விட்ட விருந்தாளி வீட்டுக்காரனின் இடத்தில் அமர்ந்துவிட்டான். ஜப்பானிலும் இதே கதைதான்: 1925-இல் அந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பெருவாய் பாஸ், பிவா ஏரியின் பழங்குடி மீன்களை இன்று விழுங்கிவருகிறது. குரித்தா பிடித்த உலகப் பதிவு மீனும் அங்கே ஓர் அயல் மீனே.

ஒரு பெரிய மீனைப் பற்றிய பதிவு ஒரு மனிதனின் பெயரைக் காக்கிறது. சிறிய மீன்களையும் விடாமல் எழுதிய குறிப்பேடு அந்த மீனினத்தையே காக்க வழிசெய்கிறது. பதிவு ஒன்று நேர்மையானதா என்று வழக்காடும்போது, "இது மற்றவனுடையதைவிடப் பெரியதா?" என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். "நாளை வருபவன் இதிலிருந்து ஆற்றைப் பற்றி எதை அறிவான்?" என்பதையும் கேட்க வேண்டும். எந்த மீன், எந்த மடு, எந்த நாள், என்ன எடை, யார் பார்த்தது, உயிரோடு விடப்பட்டதா என்று ஆறு வரி எழுதுவதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. பள்ளி மாணவன் ஒருவனாலும் இயலும். பவானியிலும் மோயாற்றிலும் அமராவதியிலும் நீரோடு பழகியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதை அருகிலிருந்து கேட்டு எழுதிவைப்போமாக. மோயாற்றின் மடுக்களில் இன்னும் சில திமில் மாசீர்கள் எஞ்சியிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.