எல்லையில் எழுதப்படும் சாட்சியம்: இணையவழி அழைப்புப் பதிவுகளின் மெய்ம்மை

அவிநாசி வட்டாரப் பின்னலாடைத் தொழிலில் துணி பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் ஆடையாவதில்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று யூனிட் மாறும்போதெல்லாம் புதிய டெலிவரி சலான் போடுகிறார்கள். சலான் எண்கள் மாறினாலும் லாட் எண் கூடவே போவதால்தான், நிறம் பிசகினால் பிழை நேர்ந்த இடத்தைத் தேடிப் பிடிக்க முடிகிறது. இந்த ஊர்களிலிருந்து கடல்கடந்த வாங்குநருக்குப் போகும் இணையவழி அழைப்புகளின் பதிவுக்கும் அப்படியொரு லாட் எண் வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

நிறுவனத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான ஐபி பிபிஎக்ஸுக்கும் சேவையாளரின் பிணையத்துக்கும் நடுவே செஷன் பார்டர் கண்ட்ரோலர் நிற்கிறது. அது அழைப்பை வெறுமனே கடத்திவிடுவதில்லை; வந்ததைத் தன்னிடமே முடித்துக்கொண்டு, மறுபுறம் புதிய அழைப்பைத் தொடங்குகிறது. உள் முகவரிகள் வெளியே தெரியாமல் காக்க இது உதவுகிறது. ஆனால் ஒரே உரையாடலுக்கு இரண்டு கால்-ஐடிகள், அதாவது அழைப்பு அடையாளங்கள், உருவாகிவிடுகின்றன. வழியில் இத்தகைய மூன்று எல்லைகள் இருந்தால் நான்கு துண்டுகள். இவற்றை இணைக்கவே 2016இல் ஆர்எஃப்சி 7989 என்ற இணையத் தர ஆவணம் செஷன்-ஐடி எனும் பொது அடையாளத்தை வரையறுத்தது. வழியிலுள்ள கருவிகள் அதை மாற்றாமல் கடத்தினால்தான் அது பயன்படும்.

கால அளவிலும் இதே சிக்கல் உண்டு. பேச்சு முடிந்ததைச் சொல்லும் ‘பை’ செய்தி வந்து சேராவிட்டால், கருவியின் கணக்கில் அழைப்பு நீண்டுகொண்டே போகும். செஷன் டைமரோ குரல் ஓட்டமின்மையோதான் அதை முடித்துவைக்கும். முடிவின் காரணத்தைக் குறிக்காத பதிவில் பேசிய நேரமும் பேசாத நேரமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு கருவி உலகப் பொது நேரத்திலும் மற்றொன்று இந்திய நேரத்திலும் எழுதினால் ஐந்தரை மணி நேரம் விலகும். அதிகாலை 2 மணி அழைப்பு முந்தைய தேதிக்குப் போய்விடும்.

அழைப்புப் பதிவுகள் நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வருகின்றன. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், சில இரட்டைப் பதிவுகள் சுட்டிக்காட்டப்பட்டபோதும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இல்லாத அழைப்புப் பதிவுகளை ஏற்றது. சான்றிதழ் தேவையில்லை என்ற அந்நிலைப்பாட்டை 2014இல் அன்வர் வழக்கு மாற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ் படிவம், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளமான ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. இது நல்ல முன்னேற்றம்தான். ஆயினும் ஹாஷ் கணக்கிட்ட பிறகு கோப்பு திருத்தப்படவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். எழுதப்பட்டபோதே பதிவு சரியாக இருந்ததா என்பதற்கு அதனிடம் விடையில்லை.

2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை அழைப்புப் பதிவுகளைக் காக்கும் காலத்தை ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தியது. ஆனால் நீண்ட நாள் காப்பதால் மட்டும் பிழையான பதிவு மெய்யாகிவிடாது. துண்டுகளை இணைத்தால் தனியுரிமை கெடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து, பதிவை யார் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது, இணைப்பை அறுப்பதன்று. அறுந்த பதிவு, பேசாத ஒருவரைப் பேசியவராகக் காட்டக்கூடும். ஆகவே இணைப்பு எண், ஒத்திசைந்த கடிகாரம், முடிவின் காரணம் ஆகிய மூன்றும் இல்லாத பதிவை முழுச் சாட்சியமாகக் கொள்ளலாகாது. லாட் எண் இல்லாத துணிக்கட்டை டையிங் யூனிட்டில் இறக்கமாட்டார்கள். ஒரு மனிதரின் விடுதலையைத் தீர்மானிக்கும் பதிவுக்கு அதைவிடக் குறைந்த கவனம் போதாது.