கித்துல்கல ஆந்தைக்கு யார் பேர் வெச்சாங்க?

கித்துல்கலன்னா பலருக்கும் களனி ஆற்றுப் படகுச் சவாரியும், இங்கே எடுத்த ‘க்வாய் நதிப் பாலம்’ படமும்தான் ஞாபகம் வரும். இதே ஊர்க் காட்டில்தான் 1995இல் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் புதுசா ஒரு குரலைக் கேட்டார். மெல்லிய ‘பூ-ஓ’. எந்தப் பறவை என்று தெரியவில்லை. ஆறு வருடம் தேடி, 2001 ஜனவரி 23இல் சிங்கராஜ வனத்தில் அதைக் கண்டார். செம்பழுப்பு நிறத்தில், ஒரு சாணுக்கும் குறைவான ஆந்தை. 1868க்குப் பிறகு இலங்கையில் கிடைத்த முதல் புதிய பறவையினம். 2004இல் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார்கள்: செரண்டிப் ஸ்கொப்ஸ் ஆந்தை. அறிவியல் பெயர் ‘ஒட்டஸ் திலோஹொஃப்மன்னி’.

இந்தப் பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஸ்கொப்ஸ்’ சிறு ஆந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘ஒட்டஸ்’ என்பதன் வேர் ‘காது’. வேடிக்கை என்னன்னா, இந்த இனத்து ஆந்தைகளுக்குத் தலையில் இருக்கும் காது மாதிரியான இறகுக் கொண்டை, இதற்கு வெளியே தெரிவதே இல்லை! ‘செரண்டிப்’ அரபு வணிகர்கள் இத்தீவை அழைத்த பெயர்; ‘சிங்களத்வீபம்’ திரிந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

திலோ ஹொஃப்மன், 1946இல் இங்கு வந்த சுவிஸ்காரர். உர வியாபாரம் செய்த நிறுவனமொன்றில் விவசாய நிபுணர். 1970களில் சிங்கராஜ மரங்களை வெட்டி ஒட்டுப்பலகை செய்யும் திட்டத்தை எதிர்த்துப் போராடினார். காடு பிழைத்தது; 1988இல் உலக மரபுரிமை ஆனது. அதற்கான நன்றிதான் அந்தப் பெயர்.

சிங்களத்தில் இது ‘பண்டுவன் பஸ்ஸா’. நிறத்தை வைத்து வந்த பெயர். தமிழுக்கும் பெயர் வைக்கும் வழி தெரியும். கூகை, காக்கை எல்லாம் குரலிலிருந்து பிறந்த பெயர்கள். ஆறு வருடம் வெறும் குரலாகவே இருந்த பறவைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இருக்கா? ஆனா எங்க லயத்துப் பேச்சில் எல்லாமே வெறும் ‘ஆந்தை’தான். அது கத்தினா சாவு விழும்னு கல்லெடுத்து விரட்டுவாங்க.

காட்டை அழித்துத் தேயிலையும் ரப்பரும் நட வைத்தவர்கள் தோட்டத் துரைமார். உழைத்தது நம்ம பாட்டன் பூட்டிகள். மிஞ்சிய ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில்தான், அழியும் ஆபத்துள்ள இந்தப் பறவை இன்னும் வாழுது. பெயர் இல்லாத ஒன்று காணாமல் போனால், போனதென்றே யாருக்கும் தெரியாது. அதனால உங்க அப்பாயி, அம்மாயிகிட்ட கேளுங்க: ராத்திரி கத்துற ஒவ்வொன்றையும் அவங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க? எழுதி அனுப்புங்க. நாங்க சேர்த்து வைக்கிறோம்.