கடல்நுரைச் சுங்கான்

மீர்ஷாம் என்பது ஜெர்மானியச் சொல். 'கடல் நுரை' என்பது அதன் பொருள். ஆயினும் அப்பெயர் தாங்கிய கல் கடலில் விளைவதன்று. துருக்கி நாட்டின் உள்நாட்டு நகரமாகிய எஸ்கிஷெகிரைச் சுற்றியுள்ள சமவெளியில் நிலத்தைக் குடைந்து எடுக்கப்படுவது. இக்கல்லிற் செதுக்கிய சுங்கான்கள் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செல்வர் வீட்டுப் பொருள்களாக விளங்கின. அவற்றுட் சில இன்று பேரர்களின் அலமாரியில், இன்னதென்று அறியப்படாமலே கிடக்கின்றன. அவ்வாறு கைக்கு வந்த ஒரு சுங்கானை எங்ஙனம் இனங்காண்பது, எங்ஙனம் மதிப்பது என்பதே இன்றைய பேச்சு. நான் புகை பிடிப்பவன் அல்லன். புகையிலைக்குப் பரிந்து பேச வந்தவனும் அல்லன். வரலாறு கற்பித்துப் பழகியவன், பழம்பொருளைக் கண்டால் கேள்வி கேட்காமல் இருக்க இயலாது, அவ்வளவே.

முதலில் கல்லின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். மக்னீசியமும் மணற்சத்தும் நீரும் கூடிய கனிமம் இது. கனிம நூலார் செபியோலைட்டு என்பர். மண்ணிலிருந்து ஈரத்தோடு எடுக்கும்போது சவர்க்காரம் போலக் கத்திக்கு இசையும், உலர்ந்தால் இறுகும். உள்ளெல்லாம் நுண்துளைகள் நிறைந்திருப்பதால், நன்கு உலர்ந்த கட்டி நீரில் மிதப்பதும் உண்டு. செதுக்கி முடித்த சுங்கானை உருகிய தேன்மெழுகில் தோய்த்து மெருகிடுவர். பின்னர் புகைக்கப் புகைக்க, சூட்டினால் மெழுகு இளக, புகையிலையின் சாறு நுண்துளைகளின் வழியே பரவிக் கல் நிறம் மாறுகிறது. வெண்மை பொன்னிறமாகும், பொன்னிறம் தேன்நிறமாகிச் செம்பழுப்பாகும். இந்நிறம் மேலே பூசியதன்று. உள்ளிருந்து ஊறி வந்தது. நான் சொல்லப்போவதற்கெல்லாம் இதுவே அடிப்படை.

இக்கல்லிற் சுங்கான் செய்த முதல்வர் யார்? 1723இல் ஆந்திராசி என்னும் ஹங்கேரியப் பிரபு துருக்கியிலிருந்து ஒரு கட்டியைக் கொணர்ந்தார் என்றும், கோவாச் என்னும் செருப்புத் தைப்பவர் அதைக் குடைந்து சுங்கான் ஆக்கினார் என்றும், அவர் கைமெழுகு பட்ட இடம் அழகிய நிறம் கொண்டதைக் கண்டே மெழுகிடும் வழக்கம் தோன்றியதென்றும் ஒரு கதை உண்டு. நல்ல கதைதான். வகுப்பிற் சொன்னால் கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். ஆனால் இதனை ஆராய்ந்தோர் கட்டுக்கதை என்றே ஒதுக்குகின்றனர். ஐயத்திற்கு இடமில்லாத செய்தி, 19ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரம் இத்தொழிலின் தலையிடமாயிற்று என்பதே. வேட்டைக் காட்சிகள், குதிரைகள், தாடி வைத்த துருக்கியர் தலைகள், பறவையின் நகம் பற்றிய முட்டை எனப் பலவற்றை அங்குச் செதுக்கினர். பின்னர் பிரான்சின் சான் குளோத் பகுதியில், பிரையர் என்னும் புதர்ச்செடியின் வேர்க்கட்டையிலிருந்து செய்த சுங்கான் பரவியது. அது விலை குறைவு. கீழே விழுந்தாலும் உடையாது. கல்லின் ஆட்சி தளர்ந்தது.

இனி இனங்காணும் வழி. கையில் எடுத்தவுடன், 'இவ்வளவு பெரியது இத்தனை இலேசா?' என்று தோன்ற வேண்டும். பீங்கானும் சுட்ட மண்ணும் கனக்கும்; தொட்டால் குளிரும். செதுக்கியபோது உதிர்ந்த துகளைத் திரட்டி அழுத்திச் செய்த போலிகளும் அக்காலத்திலேயே இருந்தன. அவை நன்றாக நிறம் ஏறுவதில்லை. வாய்க்குழலையும் கவனிக்க வேண்டும். பழையவற்றில் பெரும்பாலும் ஆம்பர் என்னும் தொன்மையான மரப்பிசின் இருக்கும். கம்பளியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும். இழுத்ததனாலேயே ஆம்பர் என்று துணிந்துவிடலாகாது. வேறு சில செயற்கைப் பொருள்களும் இழுக்கும். பேக்கலைட்டாக இருந்தால், அந்தக் குழல் 1907க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. அப்பொருளை பேக்லண்டு கண்டறிந்ததே அவ்வாண்டில்தான். ஆனால் குழல் பிற்பட்டதென்றால் கிண்ணமும் பிற்பட்டதென்று பொருளன்று. உடைந்த குழலுக்கு மாற்றாகப் பூட்டியதாகவும் இருக்கலாம்.

என்னிடம் பயின்ற ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய சுங்கானைப் பெட்டியோடு கொணர்ந்தார். அவருடைய பெரிய பாட்டனார் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கர். தோட்டத்துத் துரை தாய்நாடு திரும்புகையில் கொடுத்துச் சென்றதாம். கும்பினி காலத்துப் பொருள் என்பது வீட்டார் நம்பிக்கை. விற்க எண்ணி, பழுப்பைத் தேய்த்து வெண்மையாக்க ஆள் பேசியிருந்தனர். "வெள்ளைக் கல்லென்றால் வெள்ளையாகத்தானே ஐயா இருக்க வேண்டும்?" என்றார்.

கழுத்திலிருந்த வெள்ளிப் பூணை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். நங்கூரம், நடக்கும் சிங்கம், ஓர் எழுத்து. நங்கூரம் 1773 முதல் பர்மிங்காம் நகர முத்திரை. சிங்கம் வெள்ளியின் தரத்தைக் குறிப்பது. எழுத்து ஆண்டைக் குறிப்பது. அட்டவணையோடு ஒத்துப் பார்த்ததில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி என்று தெரிந்தது. கும்பினி ஆட்சியோ 1858இல் முடிந்துவிட்டது. பூண் பிற்காலத்தில் மாற்றியதாயின்? பெட்டியே விடை கூறிற்று. உள்ளே வெல்வெட்டுக் குழிவு, பூணின் புடைப்புக்கும் சேர்த்து அளவெடுத்துச் செய்ததாக இருந்தது. சுங்கானும் பூணும் பெட்டியும் ஒரே காலத்தவை என்று கொண்டேன். அவருக்கு முகம் வாடியது. நாற்பது ஆண்டுப் பெருமை குறைந்தது அல்லவா!

ஆனால் குறைந்ததை ஈடுசெய்ய வேறொன்று கிடைத்தது. கிண்ணத்தின் விளிம்பு ஒரே பக்கம் கருகியிருந்தது. தீக்குச்சியை எப்போதும் அப்பக்கமே சாய்த்தவர் அவர். குழலின் இடப்பக்கத்தில் பல் பதிந்த பள்ளம். இடக் கடைவாயில் கவ்விக்கொண்டே கணக்கேட்டைப் புரட்டியிருக்கக்கூடும். கழுத்தருகே கரும்பழுப்பு, மேலே வரவரத் தேன்நிறம். அத்தனை நிறம் ஏறப் பல ஆண்டுகள் வேண்டும். துரையின் பெயரைக்கூட அவ்வீட்டார் மறந்துவிட்டனர். அவருடைய பழக்கம் மட்டும் கல்லில் நிற்கிறது. தேய்க்கவிருந்தது அதைத்தான். ஆளை வரவேண்டாமென்று அன்றே சொல்லியனுப்பினார்.

ஆகவே இத்தகையது உங்கள் வீட்டில் இருக்குமாயின், நீரில் கழுவாதீர்கள். கல் நீரை உறிஞ்சி மென்மையாகிவிடும். சாராயம் மெழுகைக் கரைக்கும். உப்புத்தாளோ நிறத்தையே கொண்டுபோகும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடைத்தாற் போதும். இறுகிய குழலை வலிந்து திருகாதீர்கள். உள்ளிருக்கும் எலும்புத் திருகு எளிதில் முறியும். வெல்வெட்டு கிழிந்துவிட்டதென்று பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதன் மூடியில் மங்கிப்போன பொன்னெழுத்து இருந்தால், வெயிலிற் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள்; செய்த ஊரின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.