பாவு விரிந்த தெருவும் தறிக்குழியும்

விஷ்ணு காஞ்சி எனப்படும் சின்ன காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த பட்டு நெசவு உட்கார்ந்தே செய்யும் தொழில் என்று இன்று கருதப்பட்டாலும், அதன் பழைய வடிவில் வேலையின் ஒரு பகுதி தெருவில் நடந்தபடியே முடிந்தது. பாவை, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, விடியற்காலையில் தெரு நெடுகக் கட்டி இழுத்து, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்ட வேண்டியிருந்ததால், அண்டை வீட்டாரும் கைகொடுத்தனர். கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு ஊடை என்னும் குறுக்கிழையைக் கொண்டோடும் மூன்று நாடாக்கள் தேவைப்பட்டமையால், குழித்தறியில் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளரின் பக்கத்தில், கரை நாடாவைத் தள்ள ஒரு துணையாள், பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளை, அமர்ந்திருந்தார்.

பிள்ளையின் படிப்பைப் பறித்ததும் வறுமை மிகுந்ததுமான அக்காலத்தைப் பொற்காலம் என்பதற்கில்லை. எனினும் பாவு வேலை தெருவை விட்டு நீங்கிய இடங்களில் நடையும் கூட்டமும் ஒருசேரக் குறைந்தன. நடை குறைந்தால் பசியும் தானே குறையும் என்ற நம்பிக்கையை, ழான் மேயர் என்னும் ஊட்டச்சத்து அறிஞர் மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளரிடம் நடத்தி 1956-இல் வெளியிட்ட ஆய்வு தகர்த்தது: உட்கார்ந்து வேலை செய்தவர்கள், மிதமாக உழைத்தவர்களைவிடக் குறைவாக உண்ணவில்லை, எடையோ கூடுதலாக இருந்தது.

இப்படிக் கூடும் எடை மனத்தையும் தொடக்கூடும்; ஏனெனில் கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கன்று, ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்பது, பசியடக்கும் லெப்டின் 1994-இல் கண்டறியப்பட்டபின் உறுதிப்பட்டது. வயிற்றுக்குள் படியும் கொழுப்பு, சைட்டோகைன் எனப்படும் அழற்சிப் புரதங்களை இரத்தத்தில் கலக்க, அவை மனநிலையைச் சீராக்கும் செரட்டோனின் உருவாகப் பயன்படும் டிரிப்டோஃபானை வேறு வழிக்குத் திருப்பிவிடுகின்றன. மறுபுறம், நீடித்த மனச்சோர்வில் பலருக்கு மிகுந்து சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன், கொழுப்பை மீண்டும் வயிற்றிலேயே சேர்க்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான பகுப்பாய்வின்படி, உடற்பருமன் உள்ளோர் பின்னர் மனச்சோர்வுறும் வாய்ப்பு 55 சதவீதமும், மனச்சோர்வுற்றோர் பின்னர் பருமனாகும் வாய்ப்பு 58 சதவீதமும் கூடுதலாகும்.

தெற்காசியரின் உடலில், கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்கொழுப்பு மிகுவதால், பருமன் என்றால் பெருத்த உருவம் என்னும் வழக்கமான எண்ணம் இங்கே பொருந்தாது. சென்னையில் 25,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 15.1 சதவீதத்தினரிடம் மனச்சோர்வைக் கண்டதால், அதுவும் அரிய நோயன்று. ஆகவே, தறிக்காரரின் இடுப்பைச் சுற்றி நாடா பிடித்து அளக்கும் மருத்துவ முகாம், அவருடைய உறக்கத்தையும் உற்சாகத்தையும் பற்றி இரண்டு கேள்வியேனும் கேட்காமல் அவரை அனுப்புவது, பாவை மட்டும் பார்த்துவிட்டு ஊடையைப் பாராமல் சேலையை மதிப்பிடுவதற்கு ஒப்பாகும்.