மானிப்பாய் வைத்தியமும் மறதி நோயும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் 'அறளை பெயர்தல்' என்று ஒரு சொல் உண்டு. முதியவர் ஒருவர் உண்ட சோற்றை உண்ணவில்லை என்று சாதித்தால், பெற்ற மகளைப் பார்த்து 'நீ ஆர் பிள்ளை?' என்று வினவினால், நடுச்சாமத்தில் எழுந்து போய்ப் படலையைத் திறந்தால், 'அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள் வீட்டார். கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். முதுமை வந்தால் புத்தி தடுமாறுவது இயல்பு என்ற முடிவு அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இயல்பான ஒன்றுக்கு வைத்தியம் எதற்கு? வைத்தியம் வேண்டாத ஒன்றைப்பற்றி அரசாங்கத்திடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? இவ்வாறு ஒரு நோய் சமுதாயத்தின் பொறுப்பிலிருந்து நழுவி ஒரு வீட்டின் தலைவிதியாகியது. பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண் ஒருத்தியின் தலைவிதியாகியது.

இன்றைய மருத்துவம் இதனை மறதி நோய் என்றும் டிமென்சியா என்றும் வழங்குகிறது. மூளையின் உயிரணுக்கள் சிதைவதாலும், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடுவதாலும், வேறு பல காரணங்களாலும் இது தோன்றுகிறது. இந்நோயைப்பற்றி எழுதப் புகும் நாம் மானிப்பாயின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வைத்தியம் எந்த மொழியில் பேசவேண்டும், வைத்தியன் எங்கே வாழவேண்டும் என்னும் இரு கேள்விகளுக்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு விடை காண முயன்றனர். மறதி நோயாளரின் குடும்பங்கள் இன்று முட்டிமோதி நிற்பதும் அதே இரு கேள்விகளிலேதான்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் தம் பணியை நடத்தினார். நோய் தீர்ப்பதோடு நில்லாமல் உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். 1857-இல் தாயகம் சென்று, 1862-இல் மீண்டும் வந்து, 1873 வரை மானிப்பாயிலே தங்கினார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதுக்கும் மேற்பட்டவர்.

தொடக்கத்தில் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடந்தது. 1864 முதல் கிறீன் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவன் கிராமத்தில் நிற்கமாட்டான், அரசாங்க உத்தியோகத்தை நாடி வேறிடம் போவான் என்பதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார். தமிழில் கற்றவனே தமிழ் கிராமத்தில் தங்குவான் என்பது அவருடைய துணிபு. இதற்கு வேண்டிய நூல்களை அவரும் அவர் மாணாக்கரும் சேர்ந்து ஆக்கினர். அங்காதிபாதமும் சுகரணவாதமும் உற்பாலனமும் அடங்கிய நூல் 1857-இல் வெளிவந்தது. 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும், 'கெமிஸ்தம்' 1875-இலும் அச்சேறின. நாடு திரும்பிய பின்னும் 1884-இல் இறக்கும்வரை அவர் இப்பணியைக் கைவிடவில்லை. கவிஞர் அம்பி 1967-இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை எழுதி, இவ்வரலாற்றைத் தமிழ் வாசகர்க்கு நினைவூட்டினார்.

கிறீனைத் தெய்வமாக்குவது நம் நோக்கமன்று. அவர் வந்தது மதம் பரப்புவதற்காக. அவரை அனுப்பியவர்களுக்கு வைத்தியம் ஒரு வாசல். உள்ளே அழைத்துச் செல்ல விரும்பிய இடம் வேறு. ஆயினும் ஒரு மனிதனின் நோக்கத்தை மட்டும் கொண்டு அவனுடைய செயலின் வரலாற்றுப் பயனை அளந்துவிட முடியாது. குடும்பத்தார்க்கு விளங்கும் மொழியில் நோயை விளக்கக்கூடிய வைத்தியன், நோயாளியின் வீட்டுக்கு நடந்து செல்லும் தூரத்தில் இருக்கவேண்டும். மானிப்பாயில் நடந்த முயற்சியின் சாரம் இதுவே.

அதே காலத்தில் கொழும்பில் வேறொரு பாதை வகுக்கப்பட்டது. 1870-இல் அங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அதன் மொழி ஆங்கிலம். கிறீன் மானிப்பாயை விட்டுப் புறப்பட்ட 1873-ஆம் ஆண்டிலேதான் குடியேற்ற அரசாங்கம் சித்த சுவாதீனமற்றோர் பற்றிய சட்டத்தை இயற்றியது. புத்தி பேதலித்தவர் என்று நீதிமன்றம் தீர்த்தால், அவரைக் கொழும்பிலுள்ள காப்பகத்துக்கு அனுப்பலாம். வைத்தியம் நோயாளியைத் தேடி வருவது மானிப்பாய் காட்டிய வழி. நோயாளியை ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்துத் தொலைவில் அடைப்பது சட்டம் காட்டிய வழி. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்ததே 1905-இல் என்பதை எண்ணினால், அந்தத் தொலைவு ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எத்தகையது என்பது விளங்கும். மானிப்பாயில் தமிழ் வழிப் போதனையைக் கிறீனின் மாணாக்கர் சில காலம் நடத்தினர். பின்னர் அது நின்றுபோயிற்று. ஆங்கில மருத்துவமும் காப்பகமும் நிலைத்தன.

அறளை பெயர்ந்தவர்கள் இவ்விரு வழியிலும் சேரவில்லை. அவர்கள் திண்ணையிலும் பின்விறாந்தையிலும் கிடந்தனர். கூட்டுக் குடும்பம் அவர்களைப் பேணியது என்று நாம் பெருமை பேசுகிறோம். பேணியது குடும்பம் என்னும் பொதுச்சொல் அல்ல. மருமகளும் மணமாகாத மகளும் விதவையான சகோதரியும் பேணினர். மலசலம் அள்ளியவர்களும், இரவில் விழித்திருந்தவர்களும், ஏச்சும் அடியும் வாங்கியவர்களும் அவர்களே. அந்த உழைப்புக்குக் கூலி இல்லை, ஓய்வு இல்லை, கணக்கும் இல்லை. அதைத் தருமம் என்று அழைத்ததனால் உழைப்பு என்று எவரும் காணவில்லை.

இத்துயரம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துப் புகையிரத எழுதுவினைஞர் ஒருவரின் மனைவியான ஐம்பத்தொரு வயதுப் பெண், அங்குள்ள மனநோய் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அகஸ்ட் டேட்டர் என்னும் அவரை அலோய்ஸ் ஆல்ஸ்ஹைமர் என்ற வைத்தியர் அவதானித்து வந்தார். 1906-இல் அப்பெண் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட மாற்றங்களை அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகர்க் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். 1910-இல் கிரேப்பலின் அந்நோய்க்கு ஆல்ஸ்ஹைமரின் பெயரை இட்டார். விஞ்ஞான வரலாறு இதை ஒரு கண்டுபிடிப்பின் கதையாகச் சொல்கிறது. மனைவியை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் தவித்து, வைத்தியசாலைச் செலவாலும் நெருக்கப்பட்ட ஒரு சாதாரண உத்தியோகத்தனின் கதையும் அதனுள் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஒரு மூளை கிடைத்தது. அந்த வீட்டுக்கு ஒரு துணையும் கிடைக்கவில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். மானிப்பாயிலோ சுதுமலையிலோ ஆனைக்கோட்டையிலோ ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். எண்பது வயதுத் தாய். உடன் இருப்பவள் ஐம்பது வயது கடந்த மகள் ஒருத்தி. மற்றப் பிள்ளைகள் 1983-க்குப் பின் ஒருவர் பின் ஒருவராக நாட்டை விட்டுப் போனவர்கள். பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. தாய்க்குக் காய்ச்சல் கண்டு பிதற்றல் மிகுந்ததும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கிறார்கள். புதிய இடம், புதிய முகங்கள், இரவெல்லாம் எரியும் விளக்கு. இவை மறதி நோயாளரின் குழப்பத்தைப் பன்மடங்காக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. கிருமித்தொற்று தணிந்ததும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதப்படுகிறது. அந்தத் திகதிக்கும் இன்றைக்கும் இடையிலுள்ள இரவுகளை எப்படிக் கழிப்பது என்பதை அக்கொப்பி சொல்லாது.

கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதும் எளிதன்று. பஸ்ஸில் ஏற மறுக்கும் தாயை முச்சக்கர வண்டியில் கொண்டு போக வேண்டும்; வரிசையில் மணிக்கணக்காக இருத்தி வைக்க வேண்டும். இரண்டு முறை போன குடும்பம் மூன்றாம் முறை தாயை வீட்டில் விட்டு, கொப்பியை மட்டும் கொண்டு போய் மருந்து வாங்குகிறது. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. அக்குடும்பத்தைக் கவனமற்றது என்று குறைகூறுவது எளிது. ஒருத்தி செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஏற்றுக்கொள்வதே நேர்மை.

யுத்தம் இந்நோய்க்கு நம் மண்ணில் ஒரு தனிக் கொடுமையைச் சேர்த்திருக்கிறது. மறதி நோயில், குறிப்பாக ஆல்ஸ்ஹைமர் வகையில், அண்மை நினைவுகள் முதலில் அழிகின்றன. பழைய நினைவுகள் நெடுங்காலம் நிற்கின்றன. 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த முதியவள் 'வீட்டை போகவேணும்' என்று படலையைத் திறக்கும்போது, அவள் கேட்பது இடிந்துபோன ஒரு வீட்டை. 1995 அக்டோபரில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்த இரவு சிலருக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வருவதும் உண்டு. இவற்றைப் பிதற்றல் என்று தள்ளாமல் கேட்க, நம் வரலாறு தெரிந்த செவி வேண்டும், நம் மொழி தெரிந்த செவி வேண்டும்.

மொழியின் தேவை இத்துடன் முடிவதில்லை. மறதி நோயைக் கண்டறியக் கேள்விகள் கேட்கப்படுகின்றன: இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழி, இந்த வாக்கியத்தை வாசி. மேனாட்டில் படித்தவர்க்காக ஆக்கப்பட்ட இத்தகைய சோதனை, பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத பெண்ணையும், சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்ட உழைப்பாளியையும் நோய் இல்லாமலே நோயாளியாக்கிவிடக்கூடும். சென்னையையும் வேலூரையும் உள்ளிட்ட பல இடங்களில் ஆய்வு நடத்திய 10/66 என்னும் சர்வதேச ஆய்வுக்குழு, கல்வி வேறுபாட்டால் பிழைபடாத முறைகளை ஆக்க முயன்றது. அதன் பெயரே ஒரு குற்றச்சாட்டு: நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளர்முக நாடுகளில் வாழ, அவர்களைப்பற்றிய ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. இலங்கையில் ராகமைப் பகுதியில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர்க்கு மறதி நோய் இருப்பதைக் காட்டியது.

வைத்தியத்தால் என்ன செய்ய முடியும் என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். சிதைந்த மூளையை மீட்கும் மருந்து இல்லை. சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும் மருந்துகள் உண்டு. ஆனால் தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 'அறளை' என்று சிரித்துத் தள்ளும் வீட்டில் இவையும் தப்பிவிடுகின்றன. 2024-இல் வெளியான லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கை, உலகில் இந்நோயின் ஏறத்தாழ 45 விழுக்காடு, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களோடு தொடர்புடையது என்கிறது. இளமையில் கல்வியின்மையும், காதுகேளாமையும், உயர் இரத்த அழுத்தமும், நீரிழிவும், தனிமையும் அவற்றுள் அடங்கும். வறுமை எங்கே மறதி நோயைத் தொடுகிறது என்பதை இப்பட்டியலே சொல்லிவிடுகிறது.

மற்றதெல்லாம் பராமரிப்பு. பராமரிப்பு நடப்பது வீட்டில். ஆகவே வைத்தியம் வீட்டுக்குப் போகவேண்டும். 2005-ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, சமூகத்தில் வைத்தே மனநல சேவை வழங்குவதை ஏற்றுக்கொண்டது. தெல்லிப்பழையில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் இருக்கின்றன. இவ்வளவும் இருக்க, ஒரு வீட்டுக்குக் குறைந்தது என்ன தேவை? மாதம் ஒருமுறை வீடு தேடி வந்து, நோயின் போக்கைத் தமிழில் விளக்கக்கூடிய பயிற்சி பெற்ற ஓர் ஊழியர். பராமரிப்பவள் சில மணி நேரமாவது வெளியே சென்று வர, நோயாளியை ஏற்கும் ஒரு பகல் நிலையம். வேலையை விட்டு வீட்டில் நிற்பவளுக்கு ஓர் உதவித்தொகை. இவை சலுகைகளல்ல. இலவச வைத்தியம் என்ற உரிமையின் தொடர்ச்சி இவை. வெளிநாட்டுப் பணம் வராத கூலி வீட்டில் இவற்றுக்கு மாற்றே கிடையாது.

ஆசிரியரும் மாணவரும் இதில் செய்வதற்கு உண்டு. 'அறளை' என்று நகைக்கும் வழக்கத்தை வகுப்பறையிலிருந்தே மாற்றலாம். சனசமூக நிலையத்தில் வைத்தியர் ஒருவரை அழைத்து இந்நோயைப்பற்றித் தமிழில் பேசவைக்கலாம். தம் கிராமத்தில் எத்தனை வீடுகளில் இத்தகைய முதியவர் உள்ளனர், அவர்களைப் பார்ப்பவர் யார், அவருக்கு ஓய்வு உண்டா என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கைப் பிரதேச சபையின் முன்னும் சுகாதாரத் திணைக்களத்தின் முன்னும் வைக்கலாம். மகன்மார் பராமரிப்பில் பங்கு கொள்ள மறுக்கும் வீடுகளில் அதனைக் கேள்விக்கு உட்படுத்தலாம். 1864-இல் மானிப்பாயில் அந்நியர் ஒருவரால் தொடங்க முடிந்த வேலையை, இன்று பல்கலைக்கழகமும் பட்டதாரிகளும் நிறைந்த நாம் தொடரமுடியாது என்று சொல்வதற்கு நியாயம் எதுவும் இல்லை.