நேதாஜி விமான விபத்து: அஸ்தி, கடிகாரம், தகனப் பதிவேடு குறித்து நீடிக்கும் சர்ச்சைகள்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நிகழ்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு 2017-இல் உள்துறை அமைச்சகம் அளித்த பதிலும் இதையே உறுதி செய்தது. ஆயினும் ஷா நவாஸ் குழு (1956), கோஸ்லா ஆணையம் (1970-74), முகர்ஜி ஆணையம் (1999-2005) ஆகிய மூன்று விசாரணைகளுக்குப் பின்னரும் ஐயங்கள் ஓயவில்லை. விபத்திலிருந்து மீட்கப்பட்டதாகக் கூறப்படும் பொருள்களும் ஆவணங்களும் எதை நிரூபிக்கின்றன என்பதே இந்த விவாதத்தின் மையமாக உள்ளது.

ஜப்பான் சரணடைந்த சில நாள்களில், சைகோனிலிருந்து ஜப்பானிய ராணுவக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் நேதாஜி புறப்பட்டார். அவருடன் இந்திய தேசிய ராணுவத்தின் கர்னல் ஹபிபுர் ரஹ்மான் மட்டுமே சென்றார். ஜப்பானிய லெப்டினன்ட் ஜெனரல் சிடேயும் அதே விமானத்தில் இருந்தார். அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைஹோகு நகரில், அதாவது இன்றைய தைபேயில், மேலெழும்பிய சற்று நேரத்திலேயே விமானம் விழுந்து தீப்பிடித்தது. கடும் தீக்காயமடைந்த நேதாஜி அன்றிரவு ராணுவ மருத்துவமனையில் உயிரிழந்ததாக ரஹ்மானும், சிகிச்சை அளித்த மருத்துவர் யோஷிமியும் சாட்சியம் அளித்தனர்.

செவ்வகக் கடிகாரம்

முதலில் எழுந்த சர்ச்சைகளுள் ஒன்று கைக்கடிகாரம் பற்றியது. நேதாஜியின் கையிலிருந்தது என்று கூறி ரஹ்மான் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கடிகாரம் செவ்வக வடிவிலானது. அது ஜவாஹர்லால் நேரு வழியாக நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸிடம் சேர்ந்தது. ஆனால் நேதாஜி வழக்கமாக அணிந்தது வட்டவடிவக் கடிகாரமே என்று அவருடன் பழகியவர்கள் கூறினர், புகைப்படங்களும் சுட்டிக்காட்டப்பட்டன. ஒருவரிடம் இரண்டு கடிகாரங்கள் இருந்திருக்கலாம் என்ற எளிய விளக்கம் உண்டு. எனினும் அது ஊகமே. கடிகாரத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

இறந்தவரின் முகம் தெரியும் புகைப்படம் எதுவும் இல்லை. முகம் தீயில் சிதைந்திருந்ததால் படமெடுக்கத் தாம் அனுமதிக்கவில்லை என்பது ரஹ்மானின் விளக்கம்.

விமானத்தில் இருந்த நகைகளின் கதை தமிழர்களுக்கு நெருக்கமானது. மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த இந்தியர்கள், அவர்களுள் பெருந்தொகையினரான தமிழர்கள், கழற்றிக் கொடுத்த வளையல்களும் சங்கிலிகளும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. தீயில் உருகியும் கருகியும் எஞ்சியவை டோக்கியோவில் இருந்த ராமமூர்த்தி, ஆசாத் ஹிந்த் அரசின் அமைச்சர் எஸ்.ஏ. ஐயர் ஆகியோரிடம் ஒப்படைக்கப்பட்டன. சுமார் 11 கிலோ எடையுள்ள அந்த எச்சங்கள் 1950-களின் தொடக்கத்தில் இந்தியா வந்து, டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. திரட்டப்பட்ட தங்கத்துடன் ஒப்பிட்டால் இந்த எடை மிகவும் குறைவு. எனவே மீதி எங்கே என்ற கேள்வி தனியொரு விவகாரமாயிற்று. கருகிய நகைகள் தீ விபத்தைக் காட்டுகின்றனவே தவிர, அதில் இறந்தவர் யார் என்பதைக் காட்டுவதில்லை.

யார் அந்த இச்சிரோ ஒகுரா?

விபத்தை மறுப்போர் முன்வைக்கும் வலுவான ஆவணம் தைபே தகனப் பதிவேடு. அதில் நேதாஜியின் பெயர் இல்லை. ஆகஸ்ட் 19-ஆம் தேதி மாரடைப்பால் இறந்ததாக இச்சிரோ ஒகுரா என்ற ராணுவ வீரரின் பெயரே உள்ளது. ரகசியம் காக்க வேறொரு பெயரில் பதிவு செய்யப்பட்டது என்று, 1946-இல் தைபே சென்ற இந்தியப் பத்திரிகையாளர் ஹரின் ஷாவிடம் அங்கிருந்த அலுவலர்கள் கூறினர். இதனை ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எம்.கே. முகர்ஜி ஏற்கவில்லை. அந்த நாள்களில் இத்தகைய விபத்து நடந்ததற்கான பதிவு இல்லை என்று தைவான் அரசு அளித்த தகவலையும் கருத்தில் கொண்டு, நேதாஜி விபத்தில் இறக்கவில்லை. டோக்கியோ ரென்கோஜி கோயிலில் உள்ள அஸ்தி அவருடையதன்று என அவர் 2005-இல் அறிக்கை அளித்தார். மத்திய அரசு 2006-இல் அதை நிராகரித்தது.

தைவான் தந்த தகவலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. விபத்து ஜப்பானிய ராணுவ விமானத்துக்கு நேர்ந்தது. தைவான் நிர்வாகம் சீனர்களின் கைக்கு மாறியது 1945 அக்டோபரில்தான். தோற்ற ராணுவத்தின் விமானப் பதிவேடுகள் முழுமையாகக் கைமாறியிருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். மறுபுறம், ஜப்பான் 1956-இல் தயாரித்து 2016-இல் வெளியான விசாரணை அறிக்கை விபத்தையும் மரணத்தையும் உறுதி செய்கிறது. அதுவோ ரகசியம் காத்ததாகக் கூறப்படும் தரப்பின் ஆவணம்.

விடுபட்ட பத்தி

அஸ்தியை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினால் தீர்வு கிடைக்காதா என்ற கேள்வி இயல்பானது. கோயில் நிர்வாகத்தின் தயக்கத்தால் சோதனையைத் தொடர முடியவில்லை என்று முகர்ஜி ஆணையம் குறிப்பிட்டது. ஆனால் கோயிலின் தலைமை குரு 2005-இல் ஜப்பானிய மொழியில் எழுதிய கடிதம், நேதாஜி குடும்பத்தைச் சேர்ந்த மாதுரி போஸின் முயற்சியால் 2021-இல் மீண்டும் மொழிபெயர்க்கப்பட்டது. சோதனைக்கு ஒத்துழைக்கத் தாம் சம்மதித்ததாக குரு எழுதியிருந்த பகுதி, ஆணையத்தின் ஆங்கில வடிவில் இடம்பெறவில்லை என்பது அப்போது தெரியவந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு பத்தி விடுபடுவது சிறு குறையாகத் தோன்றலாம். இங்கே அது ஒரு விசாரணையின் போக்கையே பாதித்திருக்கக்கூடும்.

சோதனை நடந்தாலும் முடிவு உறுதியில்லை. தகன வெப்பத்தில் எலும்பிலுள்ள மரபணு பெரும்பாலும் அழிந்துவிடும். முழுமையாக எரியாத துண்டு கிடைத்தால்தான் வாய்ப்பு உண்டு. ஒப்பிட உறவினர்களுக்குக் குறைவில்லை. மகள் அனிதா போஸ் பாஃப் இருக்கிறார். தந்தைவழி மரபணுவுக்கு அண்ணன் தம்பிகளின் ஆண் வாரிசுகள் உள்ளனர். மரபணு கிடைக்காமல் போனால், 'அஸ்தி அவருடையதன்று' என்று அதற்குப் பொருளில்லை. சமூக ஊடக விவாதங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

உத்தரப் பிரதேசத்தின் பைசாபாத்தில் 1985-இல் மறைந்த கும்நாமி பாபா விவகாரத்தில் சோதனை நடந்தது. அவருடையவை எனக் கூறப்பட்ட பற்களின் மரபணு போஸ் குடும்பத்தினருடன் பொருந்தவில்லை. கையெழுத்து ஒத்துப்போவதாக முன்னாள் அரசு ஆவண நிபுணர் ஒருவர் கூற, பிற நிபுணர்கள் மறுத்தனர். அவர் நேதாஜி அல்லர், நேதாஜியைப் பின்பற்றியவர் என்று மாநில அரசு அமைத்த நீதிபதி விஷ்ணு சஹாய் ஆணையம் கூறியது. ஆனாலும் பற்கள் உண்மையில் அவருடையவைதாமா என்ற அடுத்த கேள்வியை ஆதரவாளர்கள் எழுப்பினர்.

தமிழகத்திலும் இந்த நம்பிக்கைக்கு ஆழமான வேர் உண்டு. பார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர், நேதாஜி உயிருடன் இருப்பதாகப் பொதுமேடைகளில் கூறிவந்தார். 

ரென்கோஜி கோயிலுக்கு நேரு, ராஜேந்திர பிரசாத், வாஜ்பாய் ஆகியோர் சென்றுள்ளனர். கோயில் பராமரிப்புக்கு இந்திய அரசு நிதி வழங்கிவந்ததை வெளியிடப்பட்ட கோப்புகள் காட்டுகின்றன. மரபணுச் சோதனை நடத்தி, அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அனிதா போஸ் பாஃப் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறார். 1945 செப்டம்பரில் வைக்கப்பட்ட அந்தக் கலசம் டோக்கியோவிலேயே உள்ளது.