பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி... வாங்கும் முன் இதைக் கவனியுங்க!

செவிலிமேட்டில் தறி நெய்கிறவருக்கு நூல் நறுக்க, கடைக்காரருக்கு பார்சல் பிரிக்க, நமக்கு மாங்காய் கீற... மடக்குக் கத்தி ஒன்று கைவசம் இருந்தால் சௌகரியம்தான். சரி, எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

அலகு: இரண்டரை முதல் 3 அங்குலமே தாராளம். அன்றாட வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

பூட்டு: விரித்ததும் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். கடையிலேயே விரித்து, அலகின் மழுங்கிய பக்கத்தை லேசாக அழுத்திப் பாருங்கள். ஆட்டம் கண்டால் வேண்டாம். வேலைக்கு நடுவே மடங்கினால், வெட்டுப்படுவது உங்கள் விரல்தான்!

இரும்பு: கார்பன் ஸ்டீலை சுலபமாகத் தீட்டலாம், ஆனால், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய் நறுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே நல்லது.

விமானப் பயணமா? கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை. செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

'அப்படியே தற்காப்புக்கும் ஆகுமே?' என்கிறீர்களா... அது மட்டும் வேண்டாங்க. பதற்றத்தில் எடுத்து விரிப்பதற்குள் எதிராளி நெருங்கிவிடுவார். அவர் பிடுங்கிவிட்டால், உங்கள் கத்தியே உங்கள் மேல் பாயும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால், தேவைக்கு மேல் காயப்படுத்த 37-வது பிரிவு இடம் கொடுப்பதில்லை.

இரவில் யாராவது பின்தொடர்ந்தால், வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் போங்கள். சத்தம் போடுங்கள், 112-க்கு அழையுங்கள். பெண்களுக்கு 181 எண்ணும் உண்டு. கத்தி பாக்கெட்டிலேயே இருக்கட்டும், மாங்காய்க்கு உதவும்!